மறைப்புக்கு ஒரு முடிவு வேண்டும்

2025 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு பொதுநல வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பெற்றோர் கையில் ஒரு கட்டுப்பாட்டு வசதியையும் சேர்த்துத் தர வேண்டும், ஆபாசப் பக்கங்கள் பிள்ளைகள் கண்ணில் எளிதில் படக் கூடாது என்பது கோரிக்கை. 16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி ஆஸ்திரேலியா போட்ட சட்டம் அதே மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதைப் போல ஒன்றை இங்கும் கொண்டுவர முடியுமா என்று மத்திய அரசு யோசிக்கலாம் என்றார்கள் நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரனும் கே.கே. ராமகிருஷ்ணனும். கூடவே, கட்டுப்பாடு பயன்படுத்துகிறவர் பக்கத்திலும் இருந்தாக வேண்டும், பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோருக்குப் பொறுப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். சட்டத்தின் எல்லை அவ்வளவுதான். ஆனால் பொறுப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அது வேறொரு கேள்வியாகிவிடுகிறது. ஓர் உயிரின் கண்ணிலிருந்து உலகத்தின் ஒரு பகுதியை மறைத்துவைக்க இன்னோர் உயிருக்கு என்ன உரிமை? அப்படி மறைப்பது எப்போது நன்மை, எப்போது வெறும் அதிகாரம்? இது கணினிக் கடைக்காரரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமல்ல. மறைத்தலைக் கடவுளின் தொழில்களில் ஒன்றாகவே எண்ணிய ஒரு மரபு தமிழில் இருக்கிறது. கேள்வியை அதனிடம் கொண்டுபோகலாம்.

முதலில் எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஆவடி மாநகராட்சிக்குள் ஏரியும் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுமாக இருக்கிற கோவில்பதாகையை எடுத்துக்கொள்வோம். ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குள்ளும் வேலைக்குப் போகிறவர்கள் வாழ்கிற புறநகர் இது. அப்பா அம்மா இருவரும் பகலில் வெளியே, கணினி வீட்டில். இங்கே கணினி வந்த வழிகளுள் ஒன்றுக்குத் திட்டவட்டமான தேதி உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அக்கா பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த லேப்டாப்பில் தம்பி விளையாடுவான்; அதிலேயே அப்பா மின்கட்டணம் கட்டுவார். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்பு திரைக்குள் வந்தபோது, கணினி ஆடம்பரம் என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகளும் ஒன்றைத் தேடின. இப்படி வந்த கணினி பெரும்பாலும் எல்லாருக்கும் பொது. ஒரே கணக்கு, அதுவும் அட்மின் கணக்கு, பாஸ்வேர்டு இருந்தால் அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேரன்டல் கன்ட்ரோலை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த வீடு இதுவல்ல. அவர்கள் நினைத்தது விவரம் தெரிந்த பெற்றோர், தெரியாத பிள்ளை. இங்கே அம்மாவின் ஜிமெயிலைத் தொடங்கிக் கொடுத்ததே பையன்தான்.

அந்த வசதி என்னதான் செய்கிறது? விண்டோஸ் கணினியில் பிள்ளைக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் இணைத்தால் மூன்று வேலைகள் நடக்கும். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம். நேரம் தீர்ந்ததும் பிள்ளை இன்னும் கொஞ்சம் கேட்டு விண்ணப்பம் அனுப்பலாம். சில வலைத்தளங்களைத் தடுக்கலாம். இந்த வடிகட்டி எட்ஜ் உலவியில்தான் வேலை செய்யும் என்பதால், நமக்குப் பழக்கமான மற்ற உலவிகளையே அது அடைத்துவிடும். மூன்றாவது, பிள்ளை எங்கெல்லாம் போனான், எதையெல்லாம் தேடினான் என்ற அறிக்கை வாரந்தோறும் பெற்றோரின் மின்னஞ்சலுக்கு வரும். ஒரே திரையில் மூன்று பொத்தான்கள் என்பதால் மூன்றும் ஒரே காரியத்தின் அளவு வேறுபாடுகள் என்று தோன்றும். உண்மையில் அவை வேறு வேறு செயல்கள். நேர வரம்பு அளவிடுகிறது, வடிகட்டி மறைக்கிறது, அறிக்கை பார்க்கிறது. அளவிடுவதும் மறைப்பதும் சில நிபந்தனைகளோடு நியாயப்படும். பிள்ளைக்குச் சொல்லாமல் பார்ப்பதை நியாயப்படுத்த முடியாது. நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

சைவ சித்தாந்தத்தில் இறைவனுக்குத் தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் உலகில் பல சமயங்களுக்குப் பொது. மறைத்தல், அருளல் என்ற மற்ற இரண்டில்தான் இந்தத் தத்துவத்தின் தனித்தன்மை இருக்கிறது. மறைத்தலைத் திரோதானம் என்பார்கள். உயிரை ஆணவம் என்னும் இருள் தொடக்கமில்லாக் காலந்தொட்டுப் பற்றியிருக்கிறது. அந்த இருளை ஒரே வீச்சில் அகற்ற இறைவனால் முடியாதா என்று கேட்டால், உயிர் அதற்குப் பக்குவப்படவில்லை என்று பதில் வருகிறது. அதனால் அவன் தன்னை மறைத்துக்கொண்டு, உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்பொருள்களையும் கொடுத்து, வினைகளை அனுபவிக்கவிட்டு, அந்த இருள் முற்றிக் கழலும் காலம்வரை காத்திருக்கிறான். பக்குவம் வந்ததும் மறைத்த அதே சக்தி அருட்சக்தியாகப் பதிகிறது. இதற்குச் சத்திநிபாதம் என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், மெய்கண்ட சாத்திரங்கள் 14இல் எட்டைச் செய்தவர், இந்த மறைப்பை உயிரைக் கட்டும் மலங்களின் வரிசையிலும் வைத்துப் பேசினார். கருணையால் செய்யப்பட்டாலும் மறைப்பு மறைப்புதான், உயிருக்கு அது ஒரு கட்டுத்தான் என்ற நேர்மை அந்த வைப்பில் இருக்கிறது. மறைப்பவன் இறைவனே என்றாலும் அதை மலம் என்று சொல்லத் தயங்காத ஒரு சிந்தனையை, உன் நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று சொல்லி வாதத்தை முடித்துவிடுகிற பெற்றோர் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இதிலிருந்து மறைப்புக்கு இரண்டு நிபந்தனைகள் கிடைக்கின்றன. ஒன்று, மறைப்பு முடிவதற்காகவே தொடங்க வேண்டும். எந்தப் பக்குவத்தில் விலகும் என்ற எண்ணமே இல்லாமல் போடப்படும் திரை, திரோதானத்தின் சாயலைக்கூடப் பெறாது. மற்றொன்று, மறைப்பு மட்டுமே பக்குவத்தைக் கொண்டுவராது. சித்தாந்தத்தில் உயிர் முதிர்வது அனுபவத்தால்தான். மறைத்தல் அந்த அனுபவத்துக்கு இடம் செய்கிறது, அதற்கு மாற்றாக நிற்பதில்லை. ஒன்றும் பார்க்காமல், எதையும் தேர்ந்தெடுக்காமல், எதிலும் தவறாமல் 18 வயதுவரை காப்பாற்றப்பட்ட பிள்ளை 18ஆம் பிறந்தநாளில் முதிர்ந்தவனாக எழுந்திருப்பான் என்ற நம்பிக்கைக்குச் சைவத்தில் ஆதாரம் கிடையாது. கணினி ஆய்வுகளிலும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு வடிகட்டிகள் பதின்வயதினரை இணையத்தின் பாலியல் காட்சிகளிலிருந்து எந்த அளவு காக்கின்றன என்று பார்த்தது. ஒரே ஒரு இளைஞர் அவற்றைக் காணாமல் தடுக்க 17 முதல் 77 வீடுகளில் வடிகட்டி போட வேண்டியிருக்கும் என்பது அவர்களின் கணக்கு. வடிகட்டி பயனற்றது என்று நான் இதை வாசிக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை கார்ட்டூன் தேடப்போய் வேறெங்கோ சிக்கிக்கொள்வதை அது தடுக்கலாம். அந்த ஆய்வு பேசுவது பதின்வயதைப் பற்றி. தேடிப்போகிறவனை அது தடுப்பதில்லை. நம் ஊரில் நிலைமை இன்னும் வேடிக்கை. தொடக்க ஆண்டுகளில் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. ஒன்றில் பூட்டுப் போட்டால் மற்றது திறந்தே கிடக்கும்.

இங்கே ஒரு சைவர் குறுக்கிட்டு, நான் ஒப்பிடுவதே தவறு என்று சொல்லக்கூடும். இறைவன் மறைப்பது தன்னை. உலகத்தை அவன் காட்டுகிறான். பெற்றோரோ உலகத்தை மறைக்கிறார்கள். சரியான தடை, இதைத் தாண்டிப் போய்விட முடியாது. ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. உலகத்தைக் காட்டி உயிரை முதிர்விப்பதுதான் முறை என்றால், உலகத்தை மறைக்கிற பெற்றோர் விதிவிலக்கான ஒன்றைச் செய்கிறார்கள். விதிவிலக்குக்குக் காரணம் சொல்லும் கடமை அவர்களுடையது. ஒவ்வொரு தடைக்கும், இது ஏன் இப்போது உனக்கு வேண்டாம் என்று பிள்ளைக்கு விளங்கும் மொழியில் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் சொல்லக் கூசுகிற தடைகள் நம் வீடுகளில் நிறைய. மகனுக்கு ஒரு பூட்டு, மகளுக்கு மூன்று பூட்டு என்றிருக்கும் வீட்டில் மறைக்கப்படுவது ஆபாசமல்ல. அவள் யாரோடு பேசுகிறாள், அந்தப் பையன் எந்தச் சாதி என்ற பயமே அங்கு பாதுகாப்பு அமைப்பின் வேடத்தில் வருகிறது. வடிகட்டி யாருடைய நன்மைக்கு என்று கேட்டால், பிள்ளையின் முதிர்ச்சிக்கா, குடும்பத்தின் கௌரவத்துக்கா என்பது உடனே வெளிப்பட்டுவிடும். பின்னதற்காகச் செய்யப்படும் மறைப்பை ஆணவத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அடுத்து, பார்ப்பது. சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் கருவறைக்கு வடபுறம் சின்னச் சன்னதியில் இருக்கும் சண்டிகேசுவரரிடம் நின்று, கையைத் தட்டியோ துடைத்துக் காட்டியோ விட்டுத்தான் வெளியே வருவார்கள். அவர் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சேய்ஞலூர்ச் சிறுவன் விசாரசருமன், மாடு மேய்க்கும் இடத்தில் மணலால் லிங்கம் செய்து, பசுக்கள் தாமாகப் பொழிந்த பாலை அதற்கு ஆட்டுகிறான். பாலை வீணாக்குகிறான் என்று ஊரார் புகார் சொல்ல, தந்தை எச்சதத்தன் மறுநாள் பின்தொடர்ந்து போய், குரா மரத்தில் ஏறி ஒளிந்துகொண்டு பார்க்கிறான். கண்ணில் படுவதெல்லாம் உண்மை: பையன் பாலை மணலில் ஊற்றுகிறான். கண்டது ஒன்றுகூடப் பொய்யில்லை, விளங்கியது ஒன்றுமில்லை. இறங்கிவந்து அடிக்கிறான்; பூசையில் ஆழ்ந்திருந்த பிள்ளை அசையாமலிருக்க, பால்குடத்தைக் காலால் உதைக்கிறான். அதன்பின் நடந்தது தெரிந்ததே. கையில் எடுத்த கோல் மழுவாகிறது, தந்தையின் கால்கள் வெட்டுண்கின்றன, இனி உனக்குத் தந்தை நாமே என்று சிவபெருமான் ஏற்றுக்கொள்கிறார். இந்த வன்முறையை நியாயப்படுத்துவது என் வேலையல்ல. இந்தக் கதையைக் கேட்டுச் சங்கடப்படாத பெற்றோர் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். எனக்கு வேண்டியது மரத்தின் மேல் இருக்கும் எச்சதத்தன். அவன் கெட்ட தகப்பனல்ல; ஊர்ப் பாலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்புள்ள மனிதன். நேரே போய், இது என்னப்பா செய்கிறாய் என்று கேட்டிருந்தால் கதை வேறு. ஒளிந்து பார்த்ததால் செயல் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை.

வார அறிக்கையில் வருவதும் செயல் மட்டும்தான். 14 வயதுப் பெண் தற்கொலை என்ற சொல்லைத் தேடியிருக்கிறாள் என்று அறிக்கை சொல்லும். பள்ளிக் கட்டுரைக்காகவா, தோழிக்காகவா, தனக்காகவா என்று சொல்லாது. தன் உடம்பில் நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ளத் தேடியவனையும் வேறு எதற்கோ தேடியவனையும் அது ஒரே வரிசையில் அடுக்கும். இன்னொரு நட்டமும் உண்டு, அது நுட்பமானது. பார்க்கப்படுகிறோம் என்று தெரியாத பிள்ளை ஒருநாள் அதைக் கண்டுபிடிக்கும். அன்றுமுதல் அதன் நல்லொழுக்கம், பார்க்கிறவருக்காகப் போடுகிற கணக்காகிவிடும். பார்க்காத இடம் எது என்று தேடுவதே அதன் சாமர்த்தியமாகும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல், பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளைப் பற்றிப் பிள்ளைகளே கூகுள் பிளேயில் எழுதிய 736 கருத்துகளைத் தொகுத்துப் படித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் மிகக் குறைந்த மதிப்பெண்ணே கொடுத்திருந்தார்கள்; அளவுமீறிய கட்டுப்பாடு, அந்தரங்கத்துக்குள் நுழைவது, பெற்றோரோடு உறவு கெடுவது என்பவையே புகார்கள். பூட்டு பிடிக்காத பிள்ளை பூட்டைத் திட்டுவது இயல்பு, அதை எப்படிச் சான்றாக எடுப்பது என்று கேட்கலாம். நியாயம். ஆனால் அந்தக் கருத்துகளில் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்ட பிள்ளைகளும் இருந்தார்கள்: தீங்கிலிருந்து காப்பதாகவோ, தன் பழக்கத்தைத் தானே அடக்கிக்கொள்ள உதவுவதாகவோ உணர்ந்தவர்கள். ஆக, சகிக்க முடியாமல் போவது எல்லையல்ல, ஒற்று.

கோவில்பதாகையிலிருந்து சிறிது தொலைவில், சுந்தரர் பாடிய திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே நந்தி இறைவனைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை. முதுகைக் காட்டி, வெளியே பார்த்திருக்கிறது. தொண்டைமான் என்னும் மன்னனுக்குத் துணையாகப் பகைவர்மேல் போகப் புறப்பட்ட கோலம் என்பது தலபுராணம். காவலுக்கு இரண்டு திசைகள் உண்டு என்பதை அந்த நந்தியைப் பார்த்தால் புரியும். உள்ளே வரக்கூடாததை நோக்கி நிற்பது ஒன்று, உள்ளே இருப்பவரை நோக்கி நிற்பது இன்னொன்று. வடிகட்டியும் நேர வரம்பும் முதல் வகை. அறிக்கை இரண்டாம் வகை. நம் சட்டமும் இந்த வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. அதே மூச்சில், குழந்தையின் நடத்தையை நிறுவனங்கள் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. விலக்குகள் இருக்கின்றன, ஆனாலும் குழந்தையைப் பின்தொடர்வதே ஒரு தீங்கு என்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நிறுவனம் செய்தால் தீங்காக இருப்பது, அப்பா செய்தால் அன்பாகிவிடுமா என்று ஒரு பிள்ளை கேட்டால் எளிதில் பதில் சொல்ல முடியாது.

சமயம் சார்ந்தவர்களிடமிருந்து வரக்கூடிய வலுவான மறுப்பு இது: இறைவன் எல்லாவற்றையும் பார்க்கிறான், அதுவும் மறைந்திருந்தே பார்க்கிறான், சாமி பார்த்துக்கொண்டிருக்கும் என்று சொல்லித்தானே நாமும் வளர்ந்தோம், பெற்றோர் அதைச் செய்தால் மட்டும் குற்றமா? சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் இதற்கு வழிகாட்டுகிறது. உயிர் கண்ணைக் காணச் செய்து, தானும் கூடவே காண்பதுபோல், இறைவன் உயிருக்கு அறிவித்து, உடனிருந்து தானும் அறிகிறான் என்பது அங்கே கருத்து. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். இறைவன் பார்ப்பது எதிரே நின்றல்ல, உயிரோடு ஒன்றாக நின்று. சாட்சி சேர்க்கவல்ல, அந்தப் பார்வை இல்லாவிட்டால் உயிரால் காணவே முடியாது என்பதால். மரத்தின் மேல் ஒளிந்த எச்சதத்தனுக்கும் இதற்கும் பொருத்தமே இல்லை. பெற்றோர் தெய்வத்தைப் பின்பற்ற விரும்பினால் செய்ய வேண்டியது அறிக்கையைப் படிப்பதல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அதே திரையைப் பார்ப்பது. சிறு குழந்தைகளின் விஷயத்தில் இது அப்படியே முடிகிற காரியம். கணினியைக் கூடத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும், அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பெற்றோருக்கு இது முழுதும் முடியாது என்பது உண்மைதான். முடிகிற அரைமணி நேரத்தில் செய்யலாம். முடியாத நேரத்துக்கு வடிகட்டியும் வரம்பும் இருக்கட்டும், அவற்றை நான் எதிர்க்கவில்லை.

ஆபத்து உண்மையாக இருக்கும்போது தத்துவம் பேசலாமா என்பது அடுத்த மறுப்பு. இணையத்தில் பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சூதாட்டத்தில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைத் தமிழ்நாடு பார்த்தது, அதன் விளைவாகவே 2023இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2025இல் வந்த விதிகளைக் கவனிக்க வேண்டும். பணம் வைத்து ஆடும் விளையாட்டில் 18 வயதுக்குட்பட்டோருக்கு இடமில்லை என்றதோடு, பெரியவர்களுக்கும் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையத் தடை விதித்தார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. சில மாதங்களில் மத்திய அரசே பணவிளையாட்டை மொத்தமாகத் தடைசெய்துவிட்டது, அது வேறு கதை. ஐந்து மணி நேரப் பூட்டு ஒருவர் என்ன ஆடினார், ஏன் ஆடினார் என்று துருவவில்லை, தூக்கத்தைக் காத்தது. வீட்டிலும் மூன்றில் குறைவாகப் புண்படுத்துவது நேர வரம்புதான், ஏனென்றால் அது பிள்ளையின் மனத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. பிள்ளையை யாரோ மிரட்டுகிறார்கள் என்று ஐயப்பட உருப்படியான காரணம் இருந்தால் பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். தீப்பிடித்த வீட்டில் கதவைத் தட்டி அனுமதி கேட்க முடியாது. ஆனால் என்றாவது தீப்பிடிக்கலாம் என்பதற்காக எல்லா நாளும் கதவைக் கழற்றிவைப்பதும் முடியாது. அப்படிப் பார்த்த பிறகு, பார்த்தேன் என்று சொல்லிவிடுவது கடமை.

வயது பற்றியும் ஒரு சொல். இணைய நிறுவனங்கள் கணக்குத் தொடங்க 13 என்று வைத்திருப்பது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் எச்சம். ஆஸ்திரேலியாவுக்கு 16. நம் தரவுச் சட்டத்துக்கு 18. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகள் 7, 13, 16 என்று படிகள் வைத்து, 13க்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பெற்றோர் பூட்டு இருக்க வேண்டும் என்றன. இத்தனை எண்களில் எது சரி என்று வாதிடுவது வீண். சட்டத்துக்கு எண் வேண்டும், கோடிக்கணக்கானவர்களின் பக்குவத்தை அளக்க அதனிடம் வேறு கோல் இல்லை. சித்தாந்தம் பக்குவத்தை மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகச் சொன்னபோது வயதைச் சேர்க்கவில்லை. மூன்று வயதில் ஞானப்பால் உண்ட சம்பந்தரையும் நெடுங்காலம் கழித்துச் சைவத்துக்குத் திரும்பிவந்த நாவுக்கரசரையும் ஒன்றாக வணங்குகிற சமயத்துக்கு அது முடியவும் முடியாது. பெற்றோருக்குச் சட்டத்தைவிட ஒரு வசதி உண்டு: அவர்கள் முன்னால் இருப்பது கோடிப் பேரல்ல, ஒரு பிள்ளை. அதை விட்டுவிட்டு, மென்பொருள் காட்டும் வயதுக் கட்டத்தில் எண்ணைப் போட்டு அதுவே தேர்ந்தெடுத்த அமைப்பை ஏற்றுக்கொள்கிறவர்கள், தங்கள் கையிலிருக்கும் நல்ல கருவியைக் கீழே போட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, நடைமுறை மறுப்பு. பாஸ்வேர்டே பிள்ளைக்குத் தெரிந்த வீட்டில் இதெல்லாம் எங்கே நடக்கும்? நடக்காது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பூட்டு என்பது பிள்ளை ஒப்புக்கொண்டால் மட்டும் பூட்டு, இல்லையென்றால் அலங்காரம். இதை இழப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது நம் வீடுகளுக்குக் கிடைத்த நல்வாய்ப்பாகத் தெரிகிறது. கணினி விவரம் தெரிந்த பெற்றோர் பேசாமலே பூட்டிவிட முடியும், தெரியாத பெற்றோர் பேசித்தான் ஆக வேண்டும். பிள்ளையையே உட்கார வைத்து, தன் கணக்கைத் தானே அட்மின் உரிமை இல்லாததாக மாற்றச் சொல்லி, எது எதற்குத் தடை, ஏன் தடை, எப்போது விலகும் என்று முடிவுசெய்கிற வீட்டில் ஏமாற்று நடக்கலாம்தான். ஆனால் அங்கே ஏமாற்றுவது ஓர் இயந்திரத்தையல்ல, தான் கொடுத்த வாக்கை. விலக்குகிற வரிசையும் பேசியே வைக்கப்பட வேண்டும். நம் வழக்கம் நேர்மாறாக இருக்கிறது: பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததும் நேர வரம்பை எடுத்துவிட்டு, வடிகட்டியைத் தளர்த்திவிட்டு, அறிக்கையை மட்டும் கல்லூரி வரைக்கும் வைத்துக்கொள்கிறோம், தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே என்று. முதலில் போக வேண்டியது அறிக்கை. அதைப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க முடியாத வயது வந்ததும் அணைத்துவிட வேண்டும். அடுத்து வடிகட்டி, ஒவ்வொரு தடையாக, காரணம் தீர்ந்த வரிசையில். நேர வரம்பு கடைசிவரை இருந்தாலும் பழுதில்லை. அது அப்பாவின் கணக்கிலும் இருக்குமானால், இரவு பதினோரு மணிக்கு அவரும் கிரிக்கெட் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கணினியை மூட வேண்டியிருக்கும்.